கார்க் கொட்டகைக்கு இடம் தேடி: காங்கேசன்துறையிலிருந்து அரியாலைக் கிணறு வரை

சென்ற புரட்டாதியில் மூன்று நாள் யாழ்ப்பாணத்துத் தண்டவாளத்தை ஒட்டி அலைந்தேன். இன்பப் பயணம் அன்று. வடபகுதியில் புதிதாக ஓடவிருக்கும் இரயில் கார்களைக் கழுவவும் பழுது பார்க்கவும் ஒரு கொட்டகை கட்ட வேண்டுமாம். அதற்கு இடம் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பொறியியல் துரை வந்தார். அவருக்கு நிலம் அளக்க ஓர் ஆளும், தமிழ் பேச ஓர் ஆளும், வெயிலில் நடக்க ஓர் ஆளும் வேண்டியிருந்தது. மூன்று வேலைக்கும் சேர்த்து என்னை அனுப்பினார்கள். சம்பளம் ஓர் ஆளுக்கு உரியதுதான்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வேலையில் இருக்கிறேன். எனக்குப் பின்னால் அளவைச் சங்கிலி பிடித்து நடந்தவர்கள் இன்று என் அறிக்கைகளுக்கு மேலே கையெழுத்து வைக்கிறார்கள். அதை இங்கே விரித்தால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். தண்டவாளத்தோடு போகிறேன்.

இரயில் கார் என்பதைப் பலர் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். முன்னால் இழுக்கும் இயந்திரம் இல்லாத ஒற்றைப் பெட்டி அது. பெட்டியின் தலைமாட்டிலேயே சிறிய கொதிகலன் ஒன்று இருக்கும். பெரிய இயந்திரம் உப்புக் கலந்த சவர்த் தண்ணீரை முனகிக்கொண்டாவது குடித்துவிடும். இந்தச் சின்னக் கொதிகலன் அப்படியல்ல. உப்புப் பட்டால் அதன் குழாய்கள் அரித்துப் போகும். ஆகவே நாங்கள் தேடியது இடத்தை என்பதைவிடத் தண்ணீரை என்பதே சரி. புரட்டாதியைத் தெரிந்தெடுத்ததும் அதற்காகத்தான். மழைக்கு முந்திய அந்த மாதத்தில் எந்தக் கிணறும் தன் குணத்தை ஒளிக்க முடியாது.

முதல் நாள் காங்கேசன்துறை. யாழ்ப்பாண நிலையத்திலிருந்து காலை வண்டி. ஏறத்தாழப் பன்னிரண்டு மைல். மூன்றாம் வகுப்பில் முப்பத்தைந்து சதம். துரை முதலாம் வகுப்பில் போனார். தடத்தின் கடைசி நிலையம் என்பதால் கொட்டகையை அங்கே கட்டுவதுதான் இயல்பு என்று கொழும்பில் வரைபடம் பார்த்தவர்கள் நினைத்திருந்தார்கள். வரைபடத்தில் காற்று வீசாது. இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே துரையின் மூக்குக்கண்ணாடியில் உப்புப் படிந்தது. பக்கத்துத் தண்டவாளத்தின் ஆணியொன்றை விரலால் சுரண்டினார். துருப் பொருக்காக உதிர்ந்தது. "இங்கே கார்களை விட்டால் நாம் கழுவுவதற்கு முன் கடல் அவற்றைக் கழுவிவிடும்" என்றார். அவ்வளவுதான் காங்கேசன்துறை.

மிச்சப் பொழுதில் கீரிமலைக்குப் போனோம். மாட்டு வண்டிக்குப் போகவர எழுபத்தைந்து சதம். ஒரு ரூபாவிலிருந்து பேசிக் குறைத்தேன். கடலுக்குப் பத்தடி தள்ளி நன்னீர் ஊறுவதைத் துரை நம்பவில்லை. ஒரு கையால் கேணியிலும் மறு கையால் கடலிலும் அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, சுற்றி நின்றவர்கள் சிரிப்பதையும் கவனியாமல் வெகுநேரம் கரையில் உட்கார்ந்திருந்தார். குளிக்கப் போகிறவர்கள் விடியலிலேயே போய்விடுங்கள். பிதிர்க்கடன் செய்ய வருகிற கூட்டம் ஏறிவிட்டால் படியில் கால் வைக்க இடமிராது.

இரண்டாம் நாள் சுன்னாகம். இரவு காங்கேசன்துறையில் தங்கி, அங்கிருந்து தெற்கே தள்ளுவண்டியில் போனோம். தண்டவாளத்தில் ஓடும் நான்கு சில்லுப் பலகை அது. மேலே உட்கார ஒரு வாங்கு. இரண்டு பேர் தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடிக்கொண்டே தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் பின்னால் தாவி ஏறிக்கொள்வார்கள். மூத்தவர் பெயர் பொன்னம்பலம். தென்மேற்குச் சோளகக் காற்று எதிரே ஓங்கி வீச, துரை வெயிலுக்குப் பெரிய குடையொன்றை விரித்துப் பிடித்திருந்தார்.

"ஐயா, துரையின்ரை குடை எங்களைப் பின்னாலை இழுக்குது. சுருக்கச் சொல்லுங்கோ."

"நீரே சொல்லும்."

"எனக்கு இங்கிலீசு தெரிஞ்சால் நான் ஏன் துறொல்லி தள்ளுறன்? உங்களைப் போலை நானும் குந்தியிருந்தெல்லே வருவன்."

குடை சுருங்கவில்லை. பொன்னம்பலம் மல்லாகம் தாண்டும்வரை அதைத் திட்டிக்கொண்டே தள்ளினார்.

சுன்னாகத்தில் தண்ணீர் கற்கண்டு. நிலமும் மேடு. ஆனால் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சிறு தோட்டத்துக்கு எத்தனை சொந்தக்காரர் என்று துரை கேட்டார். ஊர்த் தலைவரான விதானையார் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார். அரைப் பங்கு ஒருவருக்கு, கால் ஒருவருக்கு, அரைக்கால் மலாயாவில் இருக்கிறவருக்கு, மிச்சம் செத்துப்போன ஒருவரின் ஆறு பிள்ளைகளுக்கு, அதில் இரண்டு பேர் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. ஒன்பதாவது பெயரில் துரை கையை உயர்த்தினார். அவர்கள் எல்லாரையும் அரசாங்கக் கச்சேரிக்கு அழைத்து நிலத்தை எடுத்து முடிப்பதற்குள் கார்கள் பழைய இரும்பாகிவிடும் என்பது அவர் கணக்கு.

மிஞ்சியது அரியாலை. யாழ்ப்பாண நிலையத்துக்குக் கிழக்கே இரண்டரை மைல். தண்டவாளத்துக்கும் கடல்நீரேரிக்கும் நடுவில் ஒரு தோட்டவெளி. சொந்தக்காரர் இரண்டே பேர். அதில் ஒருவர் நிலத்தைக் கொடுக்கத் தாமாகவே முன்வந்து மனுப் போட்டிருந்தார். அவர்தான் பிரக்கிராசி சபாரத்தினம், யாழ்ப்பாண நீதிமன்றக் கோடுகளில் வழக்குப் பேசுகிறவர்.

அவரை எனக்குப் பள்ளிக்கூடம் முதல் தெரியும். கணிதத்தில் நான் முதலாவது. அவர் ஏழாவதோ எட்டாவதோ. எங்கள் வகுப்புக்கு மேற்படிப்புக்கென ஒரே ஒரு உபகாரச் சம்பளம் இருந்தது. அது அவருக்குப் போயிற்று. அந்த வருடம் அவருடைய தகப்பனார் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய வெண்கல மணி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். அந்த மணி இன்றும் அடிக்கிறது. கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்கள் கூசும்.

மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு அரியாலையில் இறங்கியபோது தோட்டத்து வாசலில் வாழை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டிருந்தார்கள். சிறு பந்தலின் கீழ் வெள்ளைத் துணி விரித்த மேசை, தேநீர்க் கோப்பைகள், கேக். கிணற்றுக் கட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு. எட்டிப் பார்த்தேன். புரட்டாதியில் ஒரு கிணற்றில் இவ்வளவு தண்ணீர் நிற்பதை நான் கண்டதில்லை. துரையும் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார். சபாரத்தினத்தின் முகம் மலர்ந்தது.

எனக்கு மனம் ஒப்பவில்லை. வேலியைச் சுற்றி நடந்தேன். பின்புறம் தென்னோலைக் கிடுகுகளால் மூடி ஒரு குவியல். ஒரு கிடுகைத் தூக்கினேன். வெள்ளைச் சுண்ணக்கல், உடைந்து இன்னும் ஈரம் காயாதது. சில துண்டுகளில் வெடிமருந்துக் கரி.

அங்கே ஒருவர் நின்றார். இடுப்பில் கொடுக்குக் கட்டிய வேட்டி, தோளில் கிணற்றுத் துலாக்கொடி உராய்ந்த தழும்பு. தோட்டத்தின் மற்றப் பாதிக்காரரான கந்தையா அவர்.

"எப்ப வெட்டினது?" என்று கேட்டேன்.

"நேற்று, ஐயா. நான் வீட்டாக்களோடை கீரிமலைக்குப் போனனான், செத்த மாமன்ரை அந்தியேட்டிக்கு. பின்னேரம் வந்து பாத்தால் எட்டுப் பேர் இறங்கி வெடி வைச்சு ஒண்டரை முழம் கீழை போயிட்டினம்."

"நீர் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"நேற்று பிரக்கிராசியாரின்ரை முறை நாளெல்லே. அவரின்ரை முறையிலை அவர் செய்தது. நான் என்னெண்டு கேக்கிறது?"

வெளியூர் வாசகர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கிணறு இரண்டு பேருக்குச் சொந்தமானால் நாட்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று உனக்கு, நாளை எனக்கு. உன் முறை நாளில் நீ பனையோலைப் பட்டையால் பத்துத் தரம் இறைத்தாலும் ஆயிரம் தரம் இறைத்தாலும் நான் வாய் திறக்கக் கூடாது. என் நாளில் நீயும் அப்படியே. தகப்பனும் மகனும் வெட்டுக்குத்தில் நிற்கிற வளவுகளிலும் முறை நாள் மட்டும் தப்பியதில்லை. சபாரத்தினம் அந்த உரிமையை வைத்துத்தான், துரை கண்டு மெச்சட்டும் என்று ஒரே பகலில் கிணற்றை ஆழப்படுத்தியிருக்கிறார். கடல்நீரேரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடத்தில், கிணற்றின் அடிக்கல்லை உடைத்தால் கீழே என்ன இருக்கும் என்பது அரியாலையில் மாடு மேய்க்கிறவர்களுக்கும் தெரியும். வண்ணார்பண்ணையில் மேல்மாடி வீடு கட்டிக் குடியேறியபின் இவருக்கு அது மறந்துபோயிற்று.

"தண்ணி எப்பிடி?"

"இப்ப நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் கல்லு பிளந்திருக்கு. எத்தினை பட்டைக்குத் தாங்குமோ தெரியாது."

அவருடைய பாதித் தோட்டத்தில் வெங்காயம் நின்றது. கிண்டி எடுப்பதற்கு இன்னும் மூன்று கிழமை. தோட்டத்தை மகளுக்குச் சீதனமாக எழுதுவதாகப் பேச்சு, நீர்வேலியில் மாப்பிள்ளை, தையில் கலியாணம். கொட்டகை இங்கே வந்தால் இரண்டு பாதியையும் அரசாங்கம் எடுத்துவிடும். சபாரத்தினத்தின் பாதி பல வருடமாகத் தரிசு. அதற்கு நட்டஈடும், றோட்டோரம் அவருக்கிருக்கும் பெரிய காணிக்கு விலையேற்றமும் கிடைக்கும். கந்தையாவுக்கும் காசு கிடைக்குமே என்று சபாரத்தினம் சொன்னாராம். "காசை நட்டு இறைக்கலாமோ ஐயா?" என்று கந்தையா என்னிடம் கேட்டார்.

துரை தம் பெட்டியைத் திறந்தார். அதில் வெள்ளி கரைத்த மருந்து ஒரு சிறு போத்தலில் இருந்தது. கிணற்று நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து அதில் அந்த மருந்து சில துளி விட்டால், உப்பு எவ்வளவோ அவ்வளவுக்கு நீர் வெளுக்கும். குவளைக்குப் பின்னால் அச்சடித்த பத்திரிகைத் தாளைப் பிடித்துப் பார்ப்பார். எழுத்து வாசிக்க முடிந்தால் கொதிகலனுக்கு ஆகும், முடியாவிட்டால் ஆகாது. ஆறு மணித்தியாலம் விடாமல் இறைத்து, மணிக்கொரு முறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய விதி.

"ஆறு மணித்தியாலம் என்ன, பொழுது சாயும்வரை இறைக்கட்டும்!" என்றார் சபாரத்தினம் ஆங்கிலத்தில், கையை விரித்து. பிறகு என்னிடம், "எழுதிக்கொள்ளும், எழுதிக்கொள்ளும். அதுக்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தவை" என்றார்.

அன்று கந்தையாவின் முறை நாள். ஆகவே அவரே கிணற்றுக் கட்டில் நின்று பட்டையைப் பிடித்தார். அவருடைய மச்சான் செல்லையா துலாவில் ஏறினார். துலா மிதிப்பதைப் பார்த்திராதவர்களுக்கு அது கழைக்கூத்துப் போலத் தோன்றும். ஆள் உயரத்துக்கு மேலே நெடிய மரம். அதில் வெறுங்காலோடு முன்னே நடந்தால் பட்டை கிணற்றுக்குள் இறங்கும். பின்னே நடந்தால் நிறைந்து மேலே வரும். கந்தையாவின் மனைவி அன்னம் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றார்.

முதல் மணி. குவளை தெளிவு, பத்திரிகையின் பொடி எழுத்தும் தெரிந்தது. இரண்டாம் மணி. மெல்லிய புகைபோல ஏதோ. எழுத்து நன்றாகவே தெரிந்தது. துரை திருப்தியோடு கேக்கில் ஒரு துண்டு எடுத்தார். அளவைச் சங்கிலியை விரித்துக் கொட்டகையின் மூலைகளைக் குறித்து முளை அடிக்கும்படி என்னிடம் சொன்னார். முதல் முளையை வெங்காயப் பாத்திக்கு நடுவில் அடிக்க வேண்டியிருந்தது. அடித்தேன். அன்னம் பார்த்துக்கொண்டு நின்றார்.

துலாவிலிருந்து செல்லையா இறங்கி மூச்சு வாங்கிய நேரத்தில் கந்தையா என்னிடம் வந்தார்.

"ஐயா, உந்தக் கண்ணாடிக்குள்ளை துரை என்ன பாக்கிறார்?"

"உப்பு."

"இருந்தால்?"

"விட்டிட்டுப் போயிடுவினம்."

"இல்லாட்டி?"

"எடுத்துப்போடுவினம்."

அவர் முளையைப் பார்த்தார். பிறகு கிணற்றைப் பார்த்தார். "இப்ப இருக்கிற மாதிரி மெல்ல மெல்ல இறைச்சால் பின்னேரம் வரைக்கும் நல்ல தண்ணி வரும். எனக்குத் தெரியும்" என்றார். "கெதியாய் இறைச்சால் கீழை இருக்கிறது மேலை வரும். ஒருக்கால் வந்தால் பேந்து கிணறு பழைய கிணறாகிறது ஆரின்ரை கையிலை?"

கிணறு நல்லதாக நின்றால் தோட்டம் போகும். தோட்டம் நிற்க வேண்டுமானால் கிணறு கெட வேண்டும். சபாரத்தினம் தோற்க வேண்டும் என்று என் உள்ளம் எவ்வளவு ஆசைப்பட்டது என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் அந்தத் துலாக்கொடி என் கையில் இல்லை.

கந்தையா திரும்பிப் போனார். மச்சானின் முதுகில் ஒரு தட்டு.

"ஏறு மச்சான். இப்ப ஓடி மிதி."

"ஓடியோ? விசரே உனக்கு?"

"ஏறு எண்டுறன்."

அன்னத்துக்கு விளங்கிவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கட்டடிக்கு வந்தார். "இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்? வெங்காயம் கருகிப்போமெல்லே!"

"வெங்காயம் போனால் வெங்காயம்தான் போகும். நீ வாய்க்காலிலை நிண்டு நாக்கிலை வைச்சுப் பாத்துக்கொண்டிரு. மாறின உடனை வெளியிலை ஒழுங்கைப் பாதைப் பக்கம் திருப்பிவிடு."

செல்லையா துலாவில் ஓடத் தொடங்கினார். காற்று வேட்டியைப் பிடித்து இழுக்க, மரம் முனக, பட்டை இறங்கிய வேகத்தில் கிணற்றுக்குள் அறைவது பந்தல்வரை கேட்டது. பிடிக்கிற கையை மாற்றக்கூடக் கந்தையா நிற்கவில்லை. தள்ளுவண்டிப் பொன்னம்பலம் வேலியோரம் குந்தியிருந்தவர் எழுந்து நின்றார். கொஞ்சம் பொறுத்து, ஒருவரும் கேளாமலே தாமும் துலாவில் ஏறிச் செல்லையாவுக்குப் பின்னால் மிதித்தார். இரண்டு பேர் பாரத்தில் பட்டை துள்ளிக்கொண்டு வந்தது.

மூன்றாம் மணி. எழுத்து தெரிந்தது. துரை தாளைக் கொஞ்சம் கிட்டப் பிடித்தார் என்று எனக்குத் தோன்றியது.

அதன்பின் நான் குவளையைப் பார்க்கவில்லை. அன்னத்தைப் பார்த்தேன். ஒவ்வொரு பட்டைக்கும் குனிந்து, உள்ளங்கையில் ஏந்தி, நாக்கில் வைத்து, துப்பி, நிமிர்ந்தார். பாத்திக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. குனிந்தார்; துப்பினார்; நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். இம்முறை நிமிரவில்லை. இன்னொரு கை ஏந்தினார். பிறகு மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் வாயை இரண்டே வெட்டில் அடைத்து, மறுபக்கக் கரையை உடைத்துத் தண்ணீரை ஒழுங்கைக்குத் திருப்பினார். திருப்பிவிட்டு மண்வெட்டிப் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார்.

சபாரத்தினமும் அதைக் கண்டார். வண்ணார்பண்ணைக்குப் போய் எத்தனை வருடமானாலும், ஒரு பெண் வாய்க்காலை ஏன் வெளியே திருப்புவாள் என்பது மறந்துபோகுமா? கோப்பையை மேசையில் வைத்த சத்தத்தில் துரை திரும்பிப் பார்த்தார்.

"கந்தையா! நிப்பாட்டு! உப்பிடி ஆரும் இறைப்பினமே? கிணறு என்னத்துக்காகும்?"

பட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது.

"நிப்பாட்டு எண்டு சொல்லுறனெல்லே! பாதிக் கிணறு என்ரை!"

"ஓம். உங்கடைதான்" என்றார் கந்தையா, கயிற்றை விடாமல். "நாளைக்கு. இண்டைக்கு என்ரை முறை. என்ரை முறையிலை நான் இறைக்கிறன். நேற்று நான் ஏதும் கேட்டனானோ?"

இதே முறை நாள் உரிமைக்காகச் சபாரத்தினம் கோட்டில் எத்தனை வழக்குப் பேசியிருப்பார்! துரையிடம் ஓடி, ஆட்கள் களைத்துவிட்டார்கள், பரிசோதனை போதும் என்றார். துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொழுது சாயும்வரை இறைக்கலாம் என்றது நீங்கள்தானே?" என்று மட்டும் கேட்டார்.

பிரக்கிராசி என் பக்கம் திரும்பினார். "நீர் உவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தனீர்?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னனான்."

"பள்ளிக்கூடத்திலையும் நீர் உப்பிடித்தான். கேட்டால் சொல்லிப்போட்டு, பேந்து ஒண்டுமறியாத பிள்ளை மாதிரி நிப்பீர்."

"அங்கை என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை, சபாரத்தினம். கேட்டிருந்தால் கணக்கு வேறையாய் வந்திருக்கும்."

நான்காம் மணிக் குவளையில் எழுத்துகள் பஞ்சுக்குள் கிடப்பதுபோல் இருந்தன. தலைப்பு மட்டும் தெரிந்தது. ஐந்தாம் மணிக்குப் பால். துரை பத்திரிகையை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். ஆறாம் மணிக்குக் காத்திருக்கத் தேவையில்லை என்றார்.

சபாரத்தினம் விடவில்லை. கந்தையாவின் கையிலிருந்த பட்டையிலேயே செம்பை முக்கி எடுத்து, எல்லார் முன்னாலும் அண்ணாந்து குடித்தார். "நல்ல தண்ணி! வெல்லம் மாதிரி இனிக்குது! மருந்திலைதான் ஏதோ பிழை" என்றார். கண் ஓரம் கலங்கியிருந்தது. துரைக்கும் செம்பை நீட்டினார். துரை ஒரு வாய் எடுத்து, மரியாதைக்காக இரண்டு எட்டு அப்பால் நடந்து, முளைக்குப் பக்கத்தில் துப்பினார்.

துலாவிலிருந்து பொன்னம்பலம், "இன்னொரு செம்பு குடியுங்கோ நயினார், கேக்குக்கு நல்லாய் இருக்கும்" என்றார். வேலிக்கு வெளியே சேர்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். கந்தையா சிரிக்கவில்லை. பட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்து தம் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் கழன்றிருந்தது. நான் பாத்திக்குள் போய் அடித்த முளைகளைப் பிடுங்கினேன்.

மத்தியானம் தள்ளுவண்டியில் நாவற்குழிக்குப் போனோம். இன்னும் இரண்டரை மைல். பாலத்தைக் கடக்கும்போது காற்று பக்கவாட்டில் அறையும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே கடலோரம் அரசாங்கத் தரை, யாருக்கும் பங்கில்லாதது. மேலே உப்புப் பூத்துக் கிடந்தது. தண்ணீரைத் தொட்டி வண்டியில் கொண்டுவந்தால் இந்த இடமே ஆகும் என்று நான் அறிக்கை எழுதினேன். அரியாலைக் கிணற்றைப் பற்றி, கல் உடைக்கப்பட்டது உட்பட, உள்ளதை உள்ளபடி எழுதினேன். அறிக்கை வேறொருவர் கையெழுத்தோடு கொழும்புக்குப் போயிற்று. கொட்டகை எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. அரியாலை இல்லை என்பது மட்டும் முடிவு. நானே உப்பைக் கொண்டுபோய்க் கொட்டினேன் என்று சபாரத்தினம் கோட்டடியில் சொல்லித் திரிவதாகக் கேள்வி. சொல்லட்டும்.

கார்த்திகையில், மழை இரண்டு தடவை கொட்டியபின், என் செலவிலேயே அரியாலைக்குப் போனேன். கந்தையா குளத்துக் களிமண்ணை வண்டி வண்டியாக ஏற்றிவந்து கிணற்றின் அடியை அடைத்திருந்தார். அண்டை வளவுக்காரர் தம் கிணற்றில் அரை நாள் முறை விட்டுக்கொடுத்ததில் வெங்காயத்தில் பாதி தப்பியது. மறுபாதி நுனி கருகி மண்ணோடு போயிற்று. சபாரத்தினத்தின் முறை நாட்களில் ஒருவரும் இறைப்பதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் கிணறு சும்மா கிடக்கிறது. "அதுவும் நல்லதுக்குத்தான். ஆறட்டும்" என்றார் கந்தையா.

மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் தாமே பட்டையை இறக்கி, குடித்து, வாயைத் துடைத்து, "தை வரட்டும், பாப்பம்" என்றாராம்.

"பாப்பம் எண்டால் என்ன ஐயா அர்த்தம்?" என்று அன்னம் என்னைக் கேட்டார்.

நான் வேலை செய்கிற இடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்பதை நன்றாக அறிவேன். அதை அன்னத்திடம் சொல்லவில்லை. நீர்வேலியில் வேறு அர்த்தம் இருக்கலாம்.

இந்தத் தடத்தில் நிலம் பார்க்கவோ வேலை நிமித்தமோ போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நிலத்தின் உண்மை தெரிய வேண்டுமானால் புரட்டாதியில் போங்கள். உடம்பு நன்றாக இருக்க வேண்டுமானால் தையில் போங்கள். தள்ளுவண்டிக்காரருக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள், குடை பிடியாதீர்கள். தோரணம் கட்டிய இடத்தில் முதலில் வேலியின் பின்புறம் போய்ப் பாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து நாவற்குழி றோட்டில் கால்நடையாகப் போனால், தண்டவாளத்தைக் கடந்ததும் இடப்பக்கம் சுண்ணாம்பு உரிந்த கட்டோடு ஒரு கிணறு தெரியும். வாசல் படலையில் நின்று தண்ணீர் கேளுங்கள். தருவார்கள். தந்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தினமும் அதையே குடிப்பதால் அந்த வீட்டார் நாக்குக்கு இப்போது வித்தியாசம் தெரிவதில்லை; வழிப்போக்கர் சொல்வதை வைத்துத்தான் மறுநாள் எத்தனை பட்டை இறைக்கலாம் என்று கந்தையா தீர்மானிக்கிறார். ஆகவே உபசாரத்துக்காக இனிக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். முழுச் செம்பையும் குடித்துவிட்டு, உள்ளதைச் சொல்லுங்கள்.